மடித்துவிட்ட கால்சட்டை

கட்சிக் கொறடாவின் கார் வந்து நின்றபோது அப்பா கெண்டைக்காலளவு தண்ணீரில் நின்று மடையில் மண் போட்டுக்கொண்டிருந்தார். எம்.பி. ஆன பிறகும் எங்கள் முறைத் தண்ணீரை அவரேதான் பாய்ச்சவேண்டும். அதற்கென்றே தலைநகரிலிருந்து வந்துவிடுவார்.

கொறடா வரப்பில் ஒரு ஷூவை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"அண்ணே, நாளைக்கு ஆலை மசோதாவுக்கு ஓட்டெடுப்பு. 'ஆதரிக்கிறவங்க'ன்னதும் எழுந்து நில்லுங்க. அது போதும்."

"ஆத்துத் தண்ணியில பாதி ஆலைக்குப் போயிட்டா, கீழ இருக்கிற வயலுக்கு என்ன மிஞ்சும் தம்பி?"

"எதிர்த்தா பதவி போயிடும்ணே."

அப்பா எங்கள் மடையை அடைத்தார். முறை முடிந்தவர்தான் அடுத்தவர் மடையைத் திறந்துவிட வேண்டும். எங்கள் வாய்க்காலில் அப்படித்தான். பக்கத்து வயல் அக்காவின் மடையைத் திறந்து, தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பும்வரை நின்றார். பிறகுதான் கரையேறினார்.

"காலையாவது அலம்பிட்டு வாங்கண்ணே."

"நேரமாச்சுன்னு நீங்கதானே குதிக்கிறீங்க," என்று சேற்றுக்காலோடு காரில் ஏறிக்கொண்டார்.

அம்மா கார் போன திசையையே பார்த்திருந்தாள். "பதவி போனா போகட்டும். இந்த மனுஷன் நாள் முழுக்க வீட்லயே இருப்பாரே, அதை நெனச்சாத்தான் பகீர்ங்குது."

மறுநாள் டி.வி. முன்னால் அம்மாவும் நானும் பக்கத்து வயல் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். ஆதரிப்பவர்களை எழச் சொன்னதும் அப்பாவின் வரிசை முழுவதும் எழுந்தது. அந்த முதுகுகளுக்கு நடுவில் அவரைத் தேடவேண்டியிருந்தது. கொறடா திரும்பி முறைப்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"எதிர்ப்பவர்கள் எழலாம்," என்றார் சபாநாயகர்.

அப்பா குனிந்தார்.

"என்னத்தத் தேடறாரு? செருப்பையா?" என்றாள் அக்கா.

அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கால், பிறகு இன்னொன்று, முழங்கால்வரை. வாய்க்காலில் இறங்கும்போது செய்வதை அங்கே தன்னையறியாமல் செய்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. சபைக்குப் புரியவில்லை. சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

"ஐயோ, மானத்த வாங்கறாரே!" அம்மா தலையில் கை வைத்தாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அப்பா எழுந்து நின்றார். அவர் கட்சியில் அவர் ஒருவர்தான். சிரிப்பு அடங்கவில்லை. அவரும் உட்காரவில்லை. கேமரா மெதுவாக அவர் கால்களுக்கு இறங்கியது.

கெண்டைக்காலில் எங்கள் வாய்க்கால் சேறு கோடாகக் காய்ந்திருந்தது. தண்ணீர் நேற்று எதுவரை நின்றதோ, அதுவரை.