ஜிம்மிக்காகச் சொன்ன பதில்

கொளஞ்சி முதல் கேள்விக்கே பொய் சொன்னான்.

"காலையில எந்திரிக்கச் சிரமப்படுதா?"

"இல்லீங்க சார். டக்குனு எந்திரிச்சிருது."

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சிவசுப்பிரமணியன் தாளில் குறித்துக்கொண்டார். போன மாதம் இதே கேள்விகளுக்கு கொளஞ்சி உள்ளதைச் சொல்லியிருந்தான். நாய் ஜிம்மிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்று மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் கட்டிப்போடச் சொன்னார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தவன் ஒருநாள்கூடக் கட்டவில்லை. மக்காச்சோளம் மணி பிடிக்கிற நேரம். நாய் இல்லையென்றால் மலையிலிருந்து இறங்கும் பன்றிகள் சோளக்கொல்லையையே படுக்க வைத்துவிடும்.

"கட்டித்தானே போட்டிருந்தீங்க?"

"ஆமாங்க."

பக்கத்தில் நின்ற சிந்தாமணி புருஷனை முறைத்தாள். காலையில் ஜிம்மியின் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்துகிறவள் அவள்தான்.

டாக்டர் இடுப்பை அழுத்திப் பார்த்தார். ஜிம்மி வாலை ஆட்டியது.

"இங்க வந்தா பல நாய் வலியக் காட்டாது. அதான் வளக்குறவங்களக் கேக்குறோம். நீங்க சொல்றதுதான் எனக்குக் கணக்கு." பதில்களுக்குத் தாளில் போட்ட எண்களைக் கூட்டிப் பார்த்துச் சிரித்தார். "நல்லா மருந்து கேட்டிருக்கு. மாத்திரைய நிறுத்திடலாம்."

கொளஞ்சி இதை எதிர்பார்க்கவில்லை. மாத்திரை வேண்டுமென்றால் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மறுபடி கட்டிப்போடச் சொல்வார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

"நாயிக்கு வாயிருந்தா காறித் துப்பும் உங்கள," என்றாள் சிந்தாமணி.

"சோளக்கருது முறிக்கிற வரைக்கும்தான்டி."

"ஒங்க இடுப்பு புடிச்சிக்கிட்டப்ப எட்டு நாளு பாயில கெடந்தீங்களே, அப்ப யாரு கருது முறிச்சா?"



சாயங்காலம் ஜிம்மியை வீட்டிலேயே கட்டிவிட்டு, தகர டப்பாவும் கழியுமாகத் தனியே கொல்லைக்குப் போனான். டப்பாவைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தான். மனசு கொஞ்சம் லேசானது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால், அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, பின்னங்காலை இழுத்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றது ஜிம்மி.

"போ வூட்டுக்கு! போடா!"

அது வாலாட்டியது. மிரட்டுவதற்காக ஒரு கல்லை எடுத்து அதன் பக்கவாட்டில் வீசினான். கல் சோளத்துக்குள் விழுந்தது. கல் விழுகிற பக்கம்தான் பன்றி நிற்கிறது என்று குட்டியிலிருந்து அதைப் பழக்கியவன் அவன்தான். வீசிய பிறகே அது நினைவுக்கு வந்தது.

ஜிம்மி பாய்ந்தது. சோளத்தட்டைகள் முறியும் சத்தம். பொத்தென்று விழும் சத்தம். ஒரு முனகல். மறுபடி தட்டைகள் முறிந்தன.

"ஜிம்மி! வந்துரு! வந்துருடா!"

அவன் கத்தக் கத்த, விரட்டச் சொல்கிறான் என்று அது இன்னும் உள்ளே போனது.