பெரிய வால்வை மூடியவர்

வேலைநிறுத்தம் ஐந்தாவது வாரத்தைத் தொட்டபோது நகரத்தில் ஓடிக்கொண்டிருந்தது தண்ணீர் மட்டும்தான். பஸ் இல்லை, ஆலை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. நீரேற்று நிலையத்தை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று போராட்டக் குழுவே சொல்லியிருந்தது. ஜனங்கள் குடிக்க வேண்டுமே. அதனால் திருகாணி தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

திருகாணி என்பது கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர். இருபத்தாறு வருஷமாக வால்வைத் திருகித் திறப்பதும் மூடுவதும்தான் அவருக்கு வேலை. ஆளும் குட்டை, ஒல்லி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார்.

அவரைக் குழு கூப்பிட்டனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மூடிக் கிடந்த ஆலையின் சாப்பாட்டுக்கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். நடத்தியவர் ஒரு கணக்கு டீச்சர். நாற்பது வயது இருக்கும். குரலை உயர்த்தாமலே கூட்டத்தை அடக்கத் தெரிந்தவர். முதல் வாரத்தில் பதினோரு பேர் சுடப்பட்டுச் செத்த பிறகும் ஆட்கள் கலைந்து போகாமல் இருந்தது அவரால்தான். அதிலிருந்து அவர் வீட்டுக்குப் போகாமல் மறைந்து தங்கியிருந்தார்; எங்கே என்று குடியிருப்புக்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

மந்திரிகள் எல்லோரும் வடக்கே ராணுவ முகாமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மூவாயிரம் சிப்பாய்கள் காவல். முகாமுக்குத் தண்ணீரை நிறுத்தினால் மூன்றே நாளில் வெளியே வந்து பேசித்தான் ஆக வேண்டும் என்பது டீச்சரின் யோசனை.

"சிப்பாயி நாலு நாள் குளிக்காம இருந்தா துப்பாக்கியே அவனை விட்டு ஓடிப்போயிடும்" என்றார் குழுவில் இருந்த சலவைக்காரர் ஒருவர். பல நாளுக்குப் பிறகு கூடம் சிரித்தது.

திருகாணி எழுந்து, முகாமுக்குப் போகிற அதே குழாயில்தான் ஆலைக் குடியிருப்புக்கும் தண்ணீர் போகிறது, தனி வால்வு கிடையாது, மூடினால் அந்த எண்ணூறு வீட்டுக்கும் சேர்த்துத்தான் மூட வேண்டும் என்றார். அவருடைய வீடும் அங்கேதான். டீச்சர் குடியிருப்புக்காரர்களையே முடிவு செய்யச் சொன்னார். கைகள் உயர்ந்தன. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஐந்து வாரம் ஓட்டியாயிற்று, இந்த மூன்று நாள் என்ன பெரிசு என்றார்கள்.

டீச்சர் கடைசியாக ஒன்று கேட்டார். "முகாமுக்குள்ள தண்ணி சேத்து வச்சிருக்காங்களா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முகாமுக்குள் ஏதோ பெரிதாகத் தோண்டினார்கள். உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே குழாயை இணைத்துக் கொடுத்தவர் திருகாணிதான். தொடை கனத்துக்கு இருந்தது அந்தக் குழாய். அவ்வளவு பெரிய குழாயைச் சின்னத் தொட்டிக்கு யாரும் போட மாட்டார்கள் என்று அன்றைக்கே அவருக்குத் தோன்றியிருந்தது. ஆனால் இருநூறு முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்படி யாரும் அவரைப் பார்த்ததில்லை.

"ஒரு தொட்டி இருக்கு" என்றார். "பெருசா இருக்காதுன்னு நினைக்கிறேன்."

கைதட்டினார்கள். அவருக்காக அவர் வாழ்நாளில் கேட்ட முதல் கைதட்டல் அது. அன்று மத்தியானம் பெரிய வால்வை நாற்பத்திரண்டு சுற்றுச் சுற்றி மூடினார்.

வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்குப் பதினெட்டு நாள். மனைவி இரண்டு டிரம், இருக்கிற பாத்திரம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். முதல் நாள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் சாலையில் சிப்பாய்கள் நின்று, ஊருக்குள்ளிருந்து யாரும் குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டு வராமல் தடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாளியோடு வந்து நின்றார். பின்னாலேயே இன்னும் நாலு பேர். மூடியவன் வீட்டில் மட்டும் டிரம் நிறைய இருந்தால் நன்றாகவா இருக்கும்? திருகாணி எடுத்துக்கொள்ளச் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஒரு டிரம் காலி. மறுநாள் மற்றதும்.

மூன்றாம் நாள் முகாமிலிருந்து யாரும் பேச வரவில்லை. ஒரு ஜீப் ஒலிபெருக்கியோடு வந்தது. மக்கள் தவிப்பதை அரசாங்கத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, முகாமின் பக்கவாசலில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கப்படும், அடையாள அட்டை மட்டும் கொண்டு வந்தால் போதும் என்று அறிவித்துவிட்டுப் போனது.

அன்று இருபது பேர் போனார்கள், தலையைக் குனிந்துகொண்டு. நாலாம் நாள் வரிசை சாலை வரைக்கும் நீண்டது. வாசலில் ஒரு மேஜை. அதில் ஒரு குமாஸ்தா. பெயரை எழுதிக்கொண்டு மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்பார்: டீச்சர் எங்கே தங்கியிருக்கிறார்? சொல்லாதவர்களுக்கு ஒரு கேன் தண்ணீர். சொன்னவர்களுக்கு இரண்டு. யாரும் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை.

நாலாம் நாள் பகலில் திருகாணி நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது மனைவி குழந்தையின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். சுவரோரம் இரண்டு கேன் இருந்தது.

"ரெண்டா?" என்றார்.

அவள் நிமிரவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"ரொட்டிக்கடை மாடில இருக்காங்கன்னு சொன்னேன்." துணியை நனைத்துப் பிழிந்தாள். "புள்ளைக்கு உச்சி குழிஞ்சு போச்சுங்க. இவளுக்கும் நேத்துலேர்ந்து பால் இல்ல. நீங்க அதைப் பாக்கல."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திருகாணி போட்டிருந்த சட்டையோடு ஓடினார். ரொட்டிக்கடைத் தெருவில் ஜீப் வந்து போன தடம் இருந்தது. மாடிக் கதவு திறந்து கிடந்தது. மேஜை மேல் பாதி திருத்திய பரீட்சைத் தாள்கள். பள்ளிக்கூடம் மூடிய பிறகும் டீச்சர் அதைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

அங்கிருந்து நிலையத்துக்கு வந்தார். வாசலில் குடியிருப்புக்காரர்கள் நின்றிருந்தார்கள், நூறு பேருக்கு மேல். மூடச் சொல்லிக் கை தூக்கியவர்களில் பாதிப்பேர் அதில் இருந்தார்கள். யாரும் திட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் பேசினார். "திறந்துடுப்பா. போதும்." சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். டீச்சரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று திருகாணி சொன்னார். தெரியும் என்பதுபோல நாலைந்து பேர் தரையைப் பார்த்தார்கள். அவர் வால்வைத் திருகும் சாவியை எடுத்து நாற்பத்திரண்டு சுற்றும் திறந்தார். அவர்கள் தண்ணீர் பிடிக்க வீடுகளுக்கு ஓடினார்கள்.

ஒரு மணி நேரத்தில் ராணுவம் வந்தது. வந்தவர்களில் அவருடைய மச்சினனும் இருந்தான். மனைவியின் தம்பி, ஒன்பது வருஷமாகச் சிப்பாய். மற்றவர்கள் மோட்டார் அறையைப் பார்க்கப் போன நேரத்தில் கிட்டே வந்து நின்றான்.

"உள்ள நாப்பது நாளைக்குத் தண்ணி இருக்கு மாமா" என்றான். "நாங்க ஒரு நாள்கூடக் குளிக்காம இல்ல. உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

திருகாணி சாவியைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

"அக்கா மேல கோவப்படாதீங்க. அது சொன்னது ஒம்பதாவது. அதுக்கு முன்னாடியே எட்டுப் பேரு அதே மாடியத்தான் சொன்னாங்க."

அவன் ஆறுதலுக்காகத்தான் சொன்னான். அந்த எட்டுப் பேரும் யார் யார் என்று திருகாணிக்குள் கேள்வி எழும்பியது. ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். எல்லா முகமும் பொருந்தியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இணைத்த குழாயைப் பற்றி வாயைத் திறந்திருந்தால் இவர்கள் ஒருவருமே அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை ஆலைச் சங்கு ஊதியது. சலவைக்காரரையும் குழுவில் இருந்த முப்பது பேரையும் வீடு வீடாக வந்து அழைத்துப் போனார்கள். திருகாணியை மட்டும் விட்டுவிட்டார்கள். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. வந்திருந்த அதிகாரி தோளில் தட்டி, ஒழுங்காக வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தன்னையும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் தேவலை என்று பல நாள் அவருக்குத் தோன்றியது. குழந்தை தேறியது. மகள் அதைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போனாள். அவரும் மனைவியும் அதற்குப் பிறகு சாப்பிட்டாயிற்றா, கதவைச் சாத்தியாயிற்றா என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்து டீச்சரின் கணவர் நிலையத்து வாசலுக்கு வந்தார். தபால்காரர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றார். மனைவியைப் பார்க்க இதுவரை விடவில்லை என்றார். யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்கப் போகிறார் எனத் திருகாணி நினைத்தார். அவர் கேட்டது வேறு.

"ஜெயிலுக்குத் தண்ணி எந்த லைன்ல போகுது?"

"தெக்கு லைன்ல."

"நல்லா வருதா அங்க? அவ ரெண்டு வேளை குளிக்கிறவ."

"வரும். பிரஷர் நல்லாத்தான் இருக்கு."

தபால்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்து அதையே கேட்டார். அதற்கடுத்த வாரமும். திருகாணி ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னார்.