முன்பதிவு இல்லாத பயணி

எங்கள் வாடகைக் காரில் ஏறணும் என்றால் முதலில் ஆபீஸுக்குப் போன் போட வேண்டும். தெருவில் நின்று கை காட்டினால் கறுப்பு டாக்ஸிக்காரன் நிறுத்தலாம், நாங்கள் நிறுத்தக் கூடாது. மீறி ஏற்றினால் அந்த நிமிஷமே இன்ஷூரன்ஸ் செல்லாது, ஊர்க் கவுன்சில் கொடுத்த லைசென்ஸ் பேட்ஜும் போச்சு. இந்த வெள்ளைக்கார ஊரில் மில்லை மூடியதிலிருந்து எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அந்த பேட்ஜ்தான் சோறு போடுகிறது.

என் மச்சான் ஷப்ரேஸ், என் மனைவியின் தம்பி, ஒரு தடவை மாட்டியவன். அன்றைக்கு நல்ல மழை. பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் குழந்தைத் தள்ளுவண்டியோடு நின்று கை காட்டியிருக்கிறாள். குழந்தைக்கு உடம்பு முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாளாம். இவன் இளகிய மனசுக்காரன், ஏற்றிவிட்டான். தள்ளுவண்டியில் குழந்தையே இல்லை, சுருட்டிய போர்வைதான். அவள் கவுன்சிலின் லைசென்ஸ் அதிகாரி, ஜானிஸ் ஹெஸ்கெத். சோதனை பண்ண வந்தவள். பண்ணட்டும், யார் வேண்டாமென்றது? பேட்ஜே இல்லாத கழிசடைகளும் வண்டி ஓட்டுகிறான்கள், எங்கள் வீட்டுப் பெண்களும்தான் டாக்ஸியில் ஏறுகிறார்கள். ஆனால் அதற்கு நோயாளிக் குழந்தை ஒன்றை இட்டுக்கட்டுவார்களா?

கவுன்சிலின் லைசென்ஸ் கமிட்டி அவன் பேட்ஜைக் கொஞ்ச நாள் பிடுங்கி வைத்தது. இன்னொரு தடவை மாட்டினால் ஆயுசுக்கும் கிடையாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தது. அதற்குப் பிறகு பஸ் ஸ்டாப்பில் யார் நின்றாலும் அவனுக்குக் கவுன்சில் ஆள்தான். "அந்தக் கெழவி கைத்தடி புடிச்சிருக்கறதப் பாரு மச்சான், பழக்கமே இல்ல. நேத்துதான் வாங்கிக் குடுத்திருப்பாங்க" என்பான். ஆபீஸில் டீ குடித்துக்கொண்டு எல்லோரும் சிரிப்போம்.

போன நவம்பரில் ஒரு சாயங்காலம், மழை, சீக்கிரமே இருட்டிவிட்டது. நான் ரயில் ஸ்டேஷன் பக்கம் நின்றிருந்தேன். ஷப்ரேஸ் மேட்டுத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தான். அங்கே பஸ் ஸ்டாப்பில் லீயான் என்ற பெண் அவன் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். தோளில் ஆறு வயசு மகள் மேசி. பெரியவர்கள் போடும் கோட்டில் சுற்றியிருந்ததால் பிள்ளையின் முகம் தெரியவில்லை.

"அண்ணே, புள்ளைக்கு மூச்சு வரல. ஆம்புலன்ஸ் வர இன்னும் முக்கால் மணி நேரமாம். பஸ்ஸும் வரல. ஆஸ்பத்திரில கொண்டு விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்."

அவன் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடியை விரலளவு இறக்கினான். "பலே! போன தடவ வெறும் போர்வ. இந்தத் தடவ ஆளையே கூட்டிட்டு வந்துட்டீங்களா? புள்ளைக்கும் கவுன்சில்ல சம்பளம் உண்டா?"

அவள் கண்ணாடியை அறைந்தாள். அவன் ஆபீஸ் நம்பரைச் சொன்னான், போன் பண்ணிப் பதிவு செய்யச் சொன்னான், வண்டியை எடுத்துவிட்டான். ஆனால் போய்விடவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த சந்தில் திரும்பி நின்றான். நிஜமாகவே போன் பண்ணினால் பக்கத்தில் நிற்கிற தனக்குத்தானே வரும் என்று கணக்குப் போட்டான்.

லீயான் போன் பண்ணினாள். ஆபீஸில் போன் எடுக்கும் டோரீன் அம்மா உடனே பதிந்தாள். ஆனால் எங்கள் கம்ப்யூட்டருக்குப் பக்கம் தூரம் எல்லாம் தெரியாது. ரொம்ப நேரமாகச் சும்மா நிற்பவனுக்கே முதல் சவாரி. ஆளுக்கொரு நியாயம் பேசிச் சண்டை போட்டதால் நாங்களே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. சவாரி எனக்கு வந்தது. நான் ஊரின் மறு கோடியில் இருந்தேன்.

வண்டியைக் கிளப்பியதும் ஷப்ரேஸ் போன் பண்ணினான். அவன் திரையில் சவாரி எனக்குப் போனது தெரிந்திருக்கிறது.

"மச்சான், மேட்டுத்தெரு சவாரி உனக்கா? உஷாரு. கவுன்சில் பொம்பள. இப்பதான் என்கிட்ட நாடகம் போட்டா. அப்பப்பா, என்னா நடிப்பு!"

"பதிவு பண்ணிட்டாளேடா. கவுன்சில்காரி எதுக்குப் பதிவு பண்றா?"

"அப்போ... நெசமாவே புள்ளைக்கு முடியலயா?" என்றான்.

"எங்க நிக்கற நீ?" என்று கத்தினேன்.

"அடுத்த சந்துல."

"திரும்பிப் போய் ஏத்துடா பாவி!"

"என் பேர்ல பதிவில்லையே மச்சான்... பேட்ஜு..." என்று இழுத்தான். பிறகு போனை வைத்துவிட்டான்.

பாலத்தில் நெரிசல். ஹாரனை அடித்து அடித்து என் கை மரத்துப்போனது. நான் போய்ச் சேர்ந்தபோது ஷப்ரேஸின் வண்டி பஸ் ஸ்டாப்பில் நின்றது. திரும்பி வந்திருக்கிறான். பின்கதவு திறந்திருந்தது. லீயான் அவனை நம்பாமல், அவன் வண்டியில் ஏற மறுத்து நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். அவன் மழையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நான் அள்ளிப்போட்டுக்கொண்டு பறந்தேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே வாங்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் தாயிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

லீயான் புகார் கொடுத்தாள். ஷப்ரேஸுக்கு மறுபடி கமிட்டி. நான் துணைக்குப் போனேன், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று கவுன்சிலர்கள், நடுவில் தலைவர் ஆர்மிடேஜ். ஓரத்தில் குறிப்பெடுக்கும் பெண். எங்கள் வரிசையின் கடைசியில் லீயான். அறிக்கை வாசித்தது யார் என்கிறீர்கள்? அதே ஹெஸ்கெத்.

"பதிவில்லாத பயணியை ஓட்டுநர் ஏற்ற மறுத்தார். ஆபீஸ் எண்ணைக் கொடுத்தார். அவருடைய நடத்தை உரிம நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று வாசித்தாள். லீயான் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"அவளும் அன்னிக்கிப் புள்ளைக்கு முடியலன்னுதாங்க சொன்னா" என்றான் ஷப்ரேஸ், ஹெஸ்கெத்தைக் காட்டி.

"அது பழைய விஷயம், இன்னிக்கு விசாரணையில இல்ல" என்றார் ஆர்மிடேஜ். மூன்று பேரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். நடவடிக்கை ஏதும் இல்லை, பேட்ஜ் அவனிடமே இருக்கும் என்றார்கள். விதியை மதித்ததற்கு நன்றி வேறு! எனக்கு அந்த மேஜையைக் கவிழ்க்கலாம் போலிருந்தது.

லீயான் எழுந்தாள். "அப்போ யார் மேலயும் தப்பில்லையா?"

"விதிப்படி பாத்தா இல்லம்மா. உங்க இழப்புக்கு நாங்க ரொம்ப வருத்தப்படறோம்" என்றார் ஆர்மிடேஜ்.

ஷப்ரேஸ் கழுத்திலிருந்து பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்தான். "தப்பு என்மேலதான். புள்ளைக்கும் சம்பளமான்னு கேட்டேன். கதவப் பூட்டுனேன். பக்கத்துச் சந்துல உக்காந்து பேட்ஜ நெனச்சிக்கிட்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துலதான் புள்ள போச்சு."

"உக்காருங்க. உங்கள யாரும் குத்தம் சொல்லலையே" என்றார் ஆர்மிடேஜ். பிறகு ஓரத்துப் பெண்ணிடம், "இத எழுத வேணாம். முடிவு சொல்லியாச்சு."

அன்றைக்கு முதல் தடவையாக லீயான் ஷப்ரேஸை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு ஓரத்துப் பெண் பக்கம் திரும்பினாள்.

"எழுதும்மா," என்றாள். "அவர் ஒருத்தர்தான் சொல்லியிருக்காரு. எழுது."

அந்தப் பெண் ஆர்மிடேஜின் முகத்தைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டாள்.