குறுக்கே வெட்டிய கால்கள்

பதினேழாவது மாடும் சாய்ந்த பலகையில் இரண்டடி வைத்துவிட்டு முழங்கால் மடங்கி விழுந்தது. விழும் என்று எனக்குத் தெரியும். வெட்டியவளே நான்தானே.

என் கணவர் யசுனோரி முப்பது வருடம் காகித மிருகங்களை வடிவமைத்தவர். மடித்த துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டியதுதான். பசை, கம்பி எதுவும் கிடையாது. பலகையில் விட்டால் தானாக நடக்கும். நரம்பு நோய் வந்து, இப்போது அவருக்கு அசைவது கண் மட்டும். எழுத்துகள் போட்ட பிளாஸ்டிக் அட்டையை நான் தூக்கிப் பிடிப்பேன். அவர் கண் போகும் எழுத்தை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பேன். இந்த மாட்டின் பதினான்கு துண்டுகளையும் அப்படித்தான் சொன்னார்.

மூச்சும் குறைந்துகொண்டே வந்தது. தொண்டையில் துளையிட்டு மெஷின் வைக்கலாமா என்று ஏப்ரலில் டாக்டர் கேட்டார். வைத்தால் பல வருடம் இருக்கலாம். ஒருமுறை வைத்ததை இந்த நாட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள். "மாடு நடக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார் இவர். இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தப் பதில் தெரியாதா? அவர் மறுப்பைச் சொல்வதற்குள் மூச்சு நின்றால் மெஷினை வைத்துவிடுவார்கள். அதற்குத்தான் காத்திருந்தேன். கேவலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

காகிதத்துக்கு நார் ஓடும் திசை உண்டு. கால்களில் அது மேலிருந்து கீழே ஓடினால்தான் மாடு நிற்கும். நான் ஒவ்வொரு மாட்டுக்கும் குறுக்கே வெட்டினேன். முதலில் என் கைமேல் பழி போட்டேன். ஜூனில் மழை பிடித்துக்கொண்டதும் ஈரத்தின்மேல் போட்டேன்.

"மறுபடி விழுந்துடுச்சா?" என்று நர்ஸ் கவாஷிரி எட்டிப் பார்த்தாள். "சத்து போதலம்மா. கொஞ்சம் கஞ்சி ஊத்துங்க."

"நீதான் ஒரு ஊசியைப் போட்டுப் பாரேன்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போனதும் அவர் கண் அட்டையைத் தேடியது. பிடித்தேன்.

"மினேகோ, நீ மடிக்கறப்போ சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"நறநறன்னு. குறுக்கு நார்."

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் மாட்டுலேருந்து."

"அப்பவே ஏங்க சொல்லல?"

எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

"எனக்கும் இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

"இருந்துச்சா? இப்ப?"

"முடியல."

"நான் பாத்துக்கறேனே! சளி எடுக்கறேன், தூக்கி உக்கார வைக்கறேன். என்னிக்காவது முகம் சுளிச்சேனா?"

"இல்ல." அடுத்து, "நேரா வெட்டு."

"மாட்டேன். வேணும்னா நீங்களே எழுந்து வந்து வெட்டிக்குங்க!"

சொல்லியிருக்கக் கூடாது. அவர் கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் நான்தான் வர வேண்டும். துடைத்தேன்.

மறுநாள் காலையில் நான்கு கால்களையும் நேராக வெட்டினேன். அரை மணி நேர வேலை. அதை மூன்று மாதம் இழுத்திருக்கிறேன். மடித்தபோது சத்தமே வரவில்லை. பலகையில் விட்டதும் மாடு தலையை ஆட்டிக்கொண்டு கடைசிவரை நடந்து போய் நின்றது. கவாஷிரி கைதட்டினாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை" என்றது அவர் கண்.

பதினோரு தடவை விட்டேன். பாழாய்ப்போன மாடு ஒரு தடவைகூட விழவில்லை.

மூன்று மணிக்கு டாக்டர் வந்து கட்டிலருகே உட்கார்ந்து, மெஷினைப் பற்றி மறுபடி கேட்டார். நான் அட்டையைப் பிடித்தேன். ஒரே ஒரு எழுத்தை மாற்றிப் படித்திருக்கலாம். அவர் கண் எழுத்தில் இருந்ததைவிட என்மேல்தான் அதிகம் இருந்தது.

வே. ண். டா. ம்.

நான்கு எழுத்தையும் என் வாயால்தான் படித்தேன்.