டஸ்டர் திரும்பி வந்த நாள்

தொண்ணூற்றேழில், மர்பி டவுன் பள்ளிக்கூடம் ஒன்றின் பி.டி. மாஸ்டர் துபாய்க்கு விமானம் ஏறியதும், ஹெட்மாஸ்டர் கஸ்தூரிரங்கன் அந்த வேலையை இரண்டாம் வகுப்பு மமதா மிஸ் தலையில் கட்டினார். காலில் ஆணி இருந்ததால் அவள் புடவைக்குக் கான்வாஸ் ஷூ போட்டு வந்தாள். அதுதான் தகுதி.

விளையாட்டுக்கும் மமதாவுக்கும் ஏழாம் பொருத்தம். முதல் நாள் ரப்பர் பந்தைத் தூக்கிப் போட்டாள். பிள்ளைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பந்து காம்பவுண்டைத் தாண்டிய பிறகு நிதானமாகக் கையை நீட்டினார்கள். தர்ஷினி தன் காலே தடுக்கி விழுந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்துப் பெஞ்சுக்கும் சித்ரான்னம் பரிமாறிவிடுகிற பிள்ளை அவள்.

மமதா பலூன் வாங்கி வந்தாள். அது மாப்பிள்ளை ஊர்வலம் போல ஆடி அசைந்து இறங்கியது. பார்க்க நேரம் கிடைத்தது. அடுத்து, துணி அடைத்த சாக்ஸ் உருண்டை. பிறகுதான் ரப்பர் பந்து. "என் மூஞ்சில என்ன சினிமாவா ஓடுது? பந்தப் பாருங்க" என்று தினமும் கத்தினாள். பிடித்தவர் உடனே அடுத்தவர் பெயரைச் சொல்லி எறிய வேண்டும். அது சட்டம்.

தீபாவளி கழிந்ததும் தர்ஷினியின் நோட்டில் எழுத்துகள் கோட்டை விட்டு ஓடுவதை நிறுத்தின. சித்ரான்னம் அவள் வாய்க்கே போனது. கஸ்தூரிரங்கனுக்கோ மைதானத்துச் சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது.

ஒரு நாள் வகுப்புக்குள் வந்தார். "நாளைலேருந்து பந்து பந்த், மிஸ். அந்த பீரியட்ல வாய்ப்பாடு சொல்லிக் குடுங்க."

பின்பெஞ்சில் முகேஷ் ஏதோ முணுமுணுத்தான். ஹெட்மாஸ்டர் வழக்கப்படி மேஜை மேலிருந்த டஸ்டரை அவன் பக்கம் வீசினார்.

முகேஷ் அதை ஒரு கையால் பிடித்தான். "தர்ஷினி" என்று எறிந்தான். தர்ஷினி பிடித்தாள். "ஆம்ப்ரோஸ்" என்றாள். ஆம்ப்ரோஸும் பிடித்தான். சட்டம் சட்டம்தானே.

"ஹெட்மாஸ்டர் சார்" என்றான்.

கஸ்தூரிரங்கன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டஸ்டர் தொப்பையில் மோதி, பேன்ட்டில் உரசி விழுந்தது. நெற்றியில் நாமம் இட்டவருக்குக் கறுப்புப் பேன்ட்டில் விபூதிப் பட்டை.

வேலை போச்சு என்று மமதா முடிவே கட்டிவிட்டாள். ஆனாலும் சிரிப்பு முட்டியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"பரவால்ல சார்," என்றாள் தர்ஷினி ஆறுதலாக. "எனக்கும் மொதல்ல அப்பிடித்தான் ஆச்சு. நீங்க பலூன்லேருந்து ஆரம்பிங்க."

ஹெட்மாஸ்டர் பேன்ட்டைத் தட்டினார். வெள்ளை இன்னும் பரவியது.

"ஸ்வல்ப சத்தத்த மட்டும் கம்மி பண்ணிக்குங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாய்ப்பாட்டுப் பேச்சு அதோடு நின்றது.

சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, மமதா மைதானத்தில் தனியாக நின்றாள். இத்தனை மாதமாக அவள் எறிந்ததோடு சரி, ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பந்தைச் சுவரில் அடித்தாள்.

நேராக மூக்கில் வந்து விழுந்தது.