மேல் முனையை நாளைக்கு மூடலாம்

"வேலை முடிஞ்சுதும்மா. நாளைக்கு இல்ல, இன்னைக்கே இறங்கறேன்" என்று மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது. படித்த மாத்திரத்தில் திரும்பக் கூப்பிட்டேன். மலையில் சிக்னல் கிடைத்தால்தானே! வெளியே பனிமூட்டம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் சரிவை ஊரே சேர்ந்து காப்பாற்றுகிறோம். மரம் வெட்ட விடுவதில்லை, கட்டடம் கட்ட விடுவதில்லை, நடக்க வருகிறவர்களுக்குப் பாதை மட்டும் உண்டு. மலைக்கு மேலே இருக்கும் ஊரையும் இதில் சேர்க்கத்தான் மகள் பேசப் போயிருந்தாள். அவள் போன பிறகு பெய்த மழையில் குறுக்குப் பாதை நடுவில் சரிந்து, ஒரு வீடே உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அவளுக்கு அது தெரியாது. அவள் இறங்குவதோ எப்போதும் அந்த வழியில்தான்.

பாதையை மூடினால் நாங்கள் பலகை வைப்பதில்லை. பலகையைப் பார்த்தால்தான் ஜனங்களுக்கு உள்ளே போக ஆசை வரும். நுழைகிற இடத்தில் புதர் நட்டு, சருகு கொட்டி, வழி இருந்த சுவடே இல்லாமல் செய்துவிடுவோம். வெளியூர்க்காரர்கள் கீழிருந்து வருவதால் கீழ் முனையைத்தான் முதலில் மூடுவோம். பள்ளத்தைச் சுற்றிப் போகப் புதுப் பாதை ஒன்று வெட்டிவிட்டு, காலையில் அதைத்தான் செய்தோம். "மேல் முனைய நாளைக்கு மூடலாம்" என்றார் குழுத் தலைவர், அதாவது என் அண்ணன். எல்லாரும் தலையாட்டினோம், நான் உட்பட.

அண்ணனை இழுத்துக்கொண்டு கீழ் முனைக்கு ஓடினேன். மூட்டத்தில் எல்லாப் புதரும் ஒன்றுபோலவே நின்றன.

"இங்கதான்டி எங்கயோ."

"எங்கயோன்னா? நீதானே நட்ட!"

"நல்லாத்தான் மூடியிருக்கோம், இல்ல?"

வந்த ஆத்திரத்துக்கு உடன்பிறப்பு என்றும் பார்க்காமல் அறைந்திருப்பேன். "பேசாம பிடுங்குண்ணே!" என்றேன். காலையில் பதமாக மண் அணைத்து நட்ட செடிகளைக் கண்டபடி பிடுங்கி எறிந்தோம். நாலாவது புதருக்குப் பின்னால் வழி கிடைத்தது.

"நீ இதுல போ. நான் புதுப் பாதையில சுத்திப் போய் மேலேருந்து அவளைப் பிடிக்கறேன்" என்று அண்ணன் ஓடினார்.

பள்ளத்தின் விளிம்பு வந்ததும் நின்றேன். எதிர்ப்பக்கம் வெறும் வெள்ளை. கீழே ஓடை இரைந்துகொண்டிருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"அம்மா!"

பக்கத்தில் கேட்டது. அப்பாடா என்று உட்காரப் போனேன்.

"அங்கேயே நில்லுடி! பாதை இல்ல!"

"அம்மா!" இன்னும் பக்கத்தில். குரலில் சிரிப்பு. அழைத்துப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

மறுபடி கத்தினேன். மறுபடி இன்னும் நெருங்கி வந்தாள். அப்போதுதான் புரிந்தது. எதிர்க்காற்றிலும் ஓடை இரைச்சலிலும் என் வார்த்தை அவளுக்குப் போய்ச் சேரவில்லை, குரல் மட்டும்தான் போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நேராக வருகிறாள். நானே அவளைப் பள்ளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்!

வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அம்மா? எங்க இருக்க?"

பதில் சொல்லவில்லை.

"அம்மா! ஏம்மா பேச மாட்டேங்கற?"

பயந்துவிட்டாள் என்று குரலே சொன்னது. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். சரசரவென்று மண் உதிர்ந்தது. அதன் பிறகு அவள் குரலும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. எதிர்ப்பக்கம் அண்ணனின் கட்டைக் குரல் கேட்டது. கூடவே அவள் குரலும். இரண்டும் மெல்ல மேலே ஏறிப் போயின. அதற்கப்புறம்தான் வாயிலிருந்து முந்தானையை எடுத்தேன்.

புதுப் பாதை இறங்கி முடிகிற இடத்தில் காத்திருந்தேன். இடுப்பு வரை சேறாக வந்து நின்றாள்.

"ஏம்மா திடீர்னு பேச்ச நிறுத்தின?"

"என் குரலைக் கேட்டு நீ வந்துடக் கூடாதுன்னுதான்."

"கூப்பிட்டப்ப மெதுவாத்தான்மா வந்துட்டிருந்தேன். நீ பேசலேன்னதும் உனக்குத்தான் என்னவோ ஆயிடுச்சுன்னு ஓடி வந்தேன். ஒரு கால் வச்ச இடத்துல தரையே இல்ல. அப்படியே பின்னால சாஞ்சு விழுந்துட்டேன். மாமா வர்ற வரைக்கும் அசையவே இல்ல."

அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். வைத்த கையை எடுக்க முடியவில்லை.