ஊர் எல்லையில் இறங்குகிறவள்

1

இந்தக் கதை எனக்குப் பஸ் ஜன்னலில் கிடைத்தது. திருச்செங்கோட்டுச் சாலையில் ஒரு பெண் புருஷனின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனாள். ஊர் வருமுன் இறங்கி அவன் பின்னால் நடந்தாள். ஊர் தாண்டியதும் ஏறிக்கொண்டாள். பார்க்கிறவர்கள் பேசுவார்களே. யாரென்று எனக்குத் தெரியாது. சென்னியம்மாள், மயில்சாமி என்று பெயர் வைத்தது நான்தான்.

2

"1938-ம் வருஷம், தை மாதத்தில் ஒரு நாள் சேலம் ஜங்ஷனில்..."

[அடித்துவிட்டேன். தேதி சொன்னால் கனவு கலைகிறது.]

சேலத்தில் ரயில் ஏறினார்கள். சங்ககிரி மலை ஜன்னலுக்குள் வந்து, போக மனமில்லாமல் நின்றது. அங்கே இறங்கிப் பஸ். அது திருச்செங்கோட்டில் பழுதாகிப் படுத்துக்கொள்ள, கூரைமேல் கட்டியிருந்த சைக்கிளை இறக்கினான் மயில்சாமி.*

பரமத்தி வேலூர்ப் பக்கம் அவள் தம்பிக்குக் கல்யாணம். விளக்கு வைக்கும் நேரத்தில் இணைச்சீர்ச் சடங்கு. மாப்பிள்ளையோடு அக்காள் நிற்க வேண்டும். பிந்தினால் சித்தப்பா மகளை நிறுத்திவிடுவார்கள். கூடப் பிறந்தவளுக்கு அதைவிட வேறென்ன வேதனை?

* கேரியரில் சாக்கு மடித்துப் போட்டிருந்தான். கதைக்கு வேண்டாத விவரம். ஆனால் அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

3

ஊருக்கு ஊர் இறங்கி நடந்ததில் பொழுது போய்விட்டது. ஊர்களுக்கு நடுவிலோ புளியமர நிழல்கள் மடியில் விழுந்து விழுந்து ஓடின. கரும்பாலைப் பக்கம் காற்றே இனித்தது. இந்தச் சாலை முடியாமலே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

(தம்பிமேல் உயிரை வைத்திருப்பவள் அப்படி நினைப்பாளா? சந்தேகப்பட்டேன். நினைத்தாள், ஐயா. இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தன.)

வெற்றிலைக் கொடிக்கால் தாண்டித் தம்பியின் ஊர் எல்லை. உள்ளே மேளம் தொடங்கிவிட்டது. மயில்சாமி வழக்கம்போல் காலை ஊன்றினான்.

"ஏம் புள்ள, எறங்கறயா?"

"நடந்து போனாச் சீர் முடிஞ்சிருமுங்க."

"ஊட்டு முன்னால ஒறமொறை பூரா நிக்குமே. உங்கய்யன் மொகத்துல எப்படி முழிக்கறது?"

4

முதல் முடிவு: இறங்கி ஓடுகிறாள். தம்பி பக்கத்தில் சித்தப்பா மகள் நிற்கிறாள். [எழுதிவிட்டு நானே அழுதேன். கிழித்தாயிற்று.]

இரண்டாவது: சைக்கிளிலேயே போய் இறங்குகிறாள், எல்லோரும் சிரித்து... [பொய். அந்தக் கூட்டத்தை எனக்குத் தெரியும்.]

மூன்றாவதில் இவ்வளவுதான் இருக்கிறது. முந்தானையை இழுத்துச் செருகி, சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"நீங்க மிதிங்க."

சைக்கிள் தெருவில் திரும்பிவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உறவுமுறையில் நீங்களும் ஒருவர். விலகி வழி விடுவீர்களா?